முட்டையா, கிரீடமா?

"கதை முதல்ல," என்றார் பெள்ளியப்பா. "துப்பாக்கி அப்புறம்."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேசைமேல் ஒரு கம்பளிச் சுருள் கிடந்தது. அதற்குள் இருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை அவர் இன்னும் ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

"கதை ஒண்ணும் இல்ல மாமா," என்றாள் தேச்சம்மா.

"கதை இல்லாத துப்பாக்கியா? யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அலமாரிக்குள்ள இருந்துச்சு."

"அலமாரி யாரு குடுத்தது?"

"விலைக்கு வாங்கினது. மலைமேல அந்தப் பழைய தொரை பங்களா கைமாறினப்ப சாமானெல்லாம் வித்தாங்கல்ல? அம்மா துணி வெக்க ஒரு அலமாரி எடுத்தாங்க. தச்சர் வந்து பின்பலகையைக் கழட்டினாரு. உள்ள இன்னொரு பலகை. ரெண்டுக்கும் நடுவுல இது."

"காகிதம்?"

"ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, எங்க வீட்டுப் பேருல ஏத்தி வாங்க எட்டு மாசம் ஆச்சு." எடுத்து நீட்டினாள். "வெடிக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க மாமா. கைல்போதுக்குப் பத்து நாள்தான் இருக்கு. வெடிக்காததுக்குப் பூ வெக்க மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க."

பெள்ளியப்பா காகிதத்தை முழுக்கப் படித்து, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். கடையின் மறுகோடியில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சோண்டு, கேட்டியா? இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா ஒருத்தி, தொரை எங்க தாத்தாவுக்குக் குடுத்ததுன்னு சொல்லாம ஒரு துப்பாக்கி கொண்டாந்திருக்கா."

"அப்ப அது நெசமான துப்பாக்கியா இருக்கும்," என்றாள் சோண்டம்மா, மிஷினை நிறுத்தாமலே.

விராஜ்பேட்டைக் கடைவீதியில் அந்தக் கடைக்கு ஒரே கதவு, இரண்டு தொழில். இடப்பாதியில் பெள்ளியப்பா துப்பாக்கி பழுது பார்க்கிறார். வலப்பாதியில் சோண்டம்மா ரவிக்கை தைக்கிறாள். சுவரில் அவருடைய உரிமப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதே ஆணியில் அவளுடைய அளவு நாடாவும் தொங்குகிறது. ஆவணி பிறந்து நாற்று நடவு முடிந்துவிட்டால் இரண்டு பக்கமும் கூட்டம் தாங்காது. ஆயுதங்களுக்குப் பூ வைக்கும் கைல்போது திருநாளுக்குக் குடகில் எந்த வீட்டுத் துப்பாக்கியும் எண்ணெய் காணாமல் இருக்கக் கூடாது, எந்த வீட்டுப் பெண்ணும் பழைய ரவிக்கையில் நிற்கக் கூடாது.

துப்பாக்கியோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் கொண்டுவருவார்கள். புலியிடமிருந்து தொரையைத் தாத்தா காப்பாற்றினார், தொரை கண்ணீர் மல்கத் தன் துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்தார். புலிக்குப் பதில் சில வீடுகளில் யானை வரும். ஒரு வீட்டில் மட்டும் ஆற்று வெள்ளம். பெள்ளியப்பா குறுக்கே பேசாமல் கேட்பார். முடிந்ததும், "இத்தனை தொரைங்களும் துப்பாக்கியைக் குடுத்துட்டு வெறுங்கையோடவா கப்பல் ஏறினாங்க?" என்று கேட்டுவிட்டு, அதன்பிறகே கைகளை முன்னால் கொண்டுவருவார்.

குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத் தட்டையில் லென்ஸை வைப்பார். அங்கேதான் பிறந்த ஊரின் முத்திரை இருக்கும். மேலே எவ்வளவு கொடிப்பூ செதுக்கி 'லண்டன்' என்று எழுதியிருந்தாலும், அடியில் முட்டை வடிவத்துக்குள் எழுத்து இருந்தால் அது பெல்ஜியத்துச் சரக்கு. கிரீடம் இருந்தால் இங்கிலாந்து. பத்துக்கு எட்டு முட்டைதான். கண்டதும் அடக்க முடியாமல் கத்திவிடுவார். "முட்டை!" எதிர்ச்சாரி மருந்துக் கடை வரை கேட்கும். ஊரில் அவருக்கு முட்டை பெள்ளியப்பா என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள்.

போன ஆண்டு ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வந்தார். லண்டன் என்று எழுதிய துப்பாக்கி, யானைக் கதை. முட்டை என்றதும் கர்னலின் மீசை விறைத்துக்கொண்டது.

"மிஸ்டர் பெள்ளியப்பா, என் தாத்தா பொய் சொல்லமாட்டார்."

"தாத்தா சொல்லலை சார். துப்பாக்கி சொல்லுது."

"அப்போ யானை?"

"யானை நெசமாவே இருக்கட்டும் சார். யானைக்கு லண்டன் எது, பெல்ஜியம் எதுன்னு தெரியவா போகுது?"

கர்னல் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அவருடைய மனைவி நான்கு ரவிக்கைத் துணி கொடுத்தனுப்பினாள்.

விலையை அவர் ரூபாயில் சொல்வதில்லை. "ரூபாய் வருஷா வருஷம் மாறும், பன்னி மாறாது" என்பார். பெரும்பாலான முட்டைகள் ஒரு வளர்ந்த பன்றி பெறும். குழல் நெளிந்தவை பன்றிக்குட்டி. கிரீடம் என்றால் காப்பி மூட்டைக் கணக்கு. தேறாத துப்பாக்கிகளைச் சில சமயம் உறுப்புகளுக்காக அவரே ஒரு பன்றி விலைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு.

இன்னொரு வழக்கம், எந்தத் துப்பாக்கி வந்தாலும் வேலை முடிந்து ஒருமுறை தோளில் வைத்துப் பார்ப்பது. பெள்ளியப்பா இடக்கைக்காரர். துப்பாக்கிக் கட்டைகளோ வலது தோளுக்காக ஒரு நூல் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அவருடைய இடது கன்னத்தில் அது போய் இடிக்கும். புளியங்காயைக் கடித்ததுபோல முகம் சுளித்துக் கீழே வைப்பார். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இந்தச் சுளிப்பு தவறியதில்லை. "பொருந்தாதுன்னு தெரியும்ல, அப்புறம் எதுக்கு வெச்சுப் பாக்கறது?" என்று சோண்டம்மா கேட்பாள். அவர் அடுத்த துப்பாக்கியை எடுப்பார்.

தேச்சம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள்; பெள்ளியப்பாவுக்கு வரும் பதிவுத் தபால்களைச் சாப்பாட்டு இடைவேளையில் அவளே கொண்டுவந்து தருவாள். பேச்சு குறைவு, பார்வை அதிகம். அவளுடைய அப்பா பெரிய வீட்டிலிருந்து பிரிந்து வந்தபோது துப்பாக்கி பெரியப்பாவிடமே நின்றுவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு கைல்போதுக்கும் அம்மா பக்கத்து வீட்டுச் செங்கப்பாவிடம் இரவல் வாங்கிப் பூ வைக்கிறாள். "பூ மட்டும் உங்க வீட்டுது, துப்பாக்கி எங்க வீட்டுது" என்று அவர் ஆண்டு தவறாமல் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

பெள்ளியப்பா கம்பளியைப் பிரித்தார். குழலைக் கழற்றி, வழக்கம்போல முதலில் மூக்கருகே கொண்டுபோனார். பழைய துப்பாக்கிகளில் வௌவால் புழுக்கையோ மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெய்ச் சிக்கோ மணக்கும். அவர் ஒருமுறை முகர்ந்தார். நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார். இரண்டு குழல்களும் சேரும் பள்ளத்தை மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டினார். மஞ்சளாக ஒரு பொறுக்கு பெயர்ந்து வந்தது. விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார்.

"தேச்சு, உங்கம்மா இதுக்குச் சந்தனம் வெச்சாங்களா?"

"இல்லையே. வெடிக்கும்னு தெரிஞ்சாத்தான் வெப்பாங்க."

"தொரை வெப்பானா?"

தையல் மிஷின் நின்றது.

அவர் கடையின் அலமாரியிலிருந்து கண்மருந்துச் சீசா ஒன்றை எடுத்தார். உள்ளே கருப்பாகக் காச்சம்புளி. பன்றிக் கறிக்கு ஊற்றுகிற அதே புளிக்காடிதான். கட்டை மூடி மறைக்கும் இடத்தில் குழலை மெருகு நீக்கி ஒரே ஒரு சொட்டு விட்டார்.

"பாரு. இப்ப சுருள் சுருளா, அலை அலையா கோலம் எழும்பினா, பழைய இரும்பை முறுக்கிச் செஞ்ச குழல். பாக்க அவ்வளவு அழகு. ஆனா இன்னிக்குத் தோட்டாவைப் போட்டா வாழைப்பூ மாதிரி விரிஞ்சுடும். சுவத்துல மாட்டத்தான் ஆகும். ஒண்ணும் எழும்பாம மொட்டையா இருந்தா உருக்கு. வெடிக்கலாம்."

"எவ்வளவு நேரம் மாமா?"

"ஒரு காப்பி நேரம்."

சோண்டம்மா மூன்று தம்ளர் காப்பி ஊற்றினாள். இவ்வளவு நாள் அழகான பொருள்களை விரும்பிவந்த தேச்சம்மா அந்தக் கால்மணி நேரம் ஒரு பொருள் அழகாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தம்ளர் காலியானதும் பெள்ளியப்பா துணியால் ஒற்றி எடுத்தார். மழை நாளின் வானம்போலச் சாம்பல் நிறம். ஒரு சுருளும் இல்லை.

"உருக்கு," என்றார்.

கொக்கியில் விரலை விட்டுக் குழலைத் தொங்கவிட்டு, காப்பிக் குச்சியால் தட்டினார். பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் சட்டி தட்டியதுபோல் கேட்கும். இது கோயில் மணிபோல நீண்டு ஒலித்து, எதிர்ச்சாரியில் ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகு லென்ஸ். தட்டையின்மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை. தேச்சம்மா 'முட்டை!' என்ற கத்தலுக்காகக் காதைத் தயாராக வைத்திருந்தாள். வரவில்லை.

"என்ன மாமா?"

"கிரீடம்," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. "ரெண்டு குழல்லயும். இன்னிக்கு வெடிமருந்துக்கும் தாங்கும்னு சோதிச்ச முத்திரையும் இருக்கு. குழலுக்குள்ள முகம் பாத்துக்கலாம், அவ்வளவு புதுசு. வாங்கினவன் பத்துத் தோட்டாகூட வெடிச்சிருக்க மாட்டான்."

கட்டையை எடுத்து நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்தார். அது சீமை மரமில்லை, உள்ளூர் ஈட்டி. மறுபடி பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, கம்பளியின்மேல் கிடத்திவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். கைகள் மறுபடி முதுகுக்குப் பின்னால் போயின.

இந்தத் துப்பாக்கியை அவர் தோளில் வைத்துப் பார்க்கவில்லை. தேச்சம்மா அதைக் கவனித்தாள்.

"நாப்பது மூட்டை காப்பி," என்றார். "அதுக்குக் கீழ யாரு கேட்டாலும் குடுத்துடாத. பெங்களூர்லேர்ந்து ஆளு வருவான், பன்னிக் கணக்கு பேசுவான். ஏமாந்துடாத."

"சொல்லுங்களேன்," என்றாள் சோண்டம்மா.

"சொல்லிட்டேனே. நாப்பது."

"அது இல்ல. மீதியைச் சொல்லுங்க. வாயில என்ன, கடம்புட்டு உருண்டையா?"

"சும்மா இரு சோண்டு."

"தேச்சு, அதோட கட்டையைத் திருப்பிப் பாரு. அடியில பிறை மாதிரி ஒரு வெட்டு இருக்கா?"

தேச்சம்மா திருப்பினாள். அடிக்கட்டையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, பிறை போல ஒரு வெட்டு இருந்தது.

"இவங்க தாத்தா மேதப்பா," என்றாள் சோண்டம்மா. "இவரை மாதிரியே இடக்கை. புதுசா வாங்கின கையோட தன் தோளுக்குன்னு ஈட்டி மரத்துல கட்டை செஞ்சு, இடது பக்கம் சாய்ச்சு வெச்சிருந்தாரு. அந்தப் பிறை, கத்தி கை தவறி விழுந்தது. எனக்குக் கல்யாணமான புதுசுல இவங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். அந்த வருஷக் கைல்போதுக்கு, மரத்துல தேங்காயைக் கட்டிச் சுடற எடத்துல பங்களாத் தொரை வந்து நின்னிருக்கான். முதல் தோட்டாவுல தேங்காயை உடைக்கலைன்னா துப்பாக்கி உனக்குன்னு இவங்க தாத்தா பந்தயம் கட்டிட்டாரு."

"விட்டுட்டாரா?"

பெள்ளியப்பாவே பதில் சொன்னார். குரலில் எண்பது ஆண்டுக் கோபம் இருந்தது. "விடற ஆளே இல்ல. பறக்கற வௌவாலை அடிப்பாரு. பூசையில குழல் நுனியில சொருகின தோக்குப் பூவை அவசரத்துல எடுக்க மறந்துட்டாரு. குறிமுனை பூவுக்குள்ள ஒளிஞ்சுகிச்சு. மனுஷன் பூவைக் குறிபாத்துச் சுட்டிருக்காரு!"

சோண்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேச்சம்மா அடக்கித்தான் பார்த்தாள். முடியவில்லை. கடைசியில் பெள்ளியப்பாவும் சிரித்துவிட்டார்.

"தொரை வலக்கைக்காரன். இதை வெச்சு ஒரு காக்காயைக்கூட அடிக்க முடிஞ்சிருக்காது. அவமானம் தாங்காம ஒளிச்சு வெச்சுட்டான் போல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் குடகுல எல்லார் வீட்டுலயும் தொரை குடுத்த துப்பாக்கி. எங்க வீட்டுல மட்டும் தொரைக்குக் குடுத்த துப்பாக்கி. எப்படி வெளிய சொல்றது?"

"முட்டைன்னு ஒரு கத்து கத்தியிருந்தா ஒரு பன்னி விலையில வீட்டுக்கு வந்திருக்கும்," என்றாள் சோண்டம்மா. அதில் குற்றச்சாட்டு இல்லை. புடவைக் கடையில் நல்ல சரிகையைத் தடவிப் பார்க்கிறவளின் குரல் அது.

தேச்சம்மா துப்பாக்கியை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே வெச்சுக்குங்க மாமா," என்றாள். "அலமாரிக்குக் குடுத்ததைக் குடுத்தா போதும்."

பெள்ளியப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "பந்தயத்துல தோத்தது தோத்ததுதான். தொரை ஜெயிச்சான். தொரைகிட்டேர்ந்து பங்களாவுக்கு, பங்களாவிலேர்ந்து அலமாரிக்கு, அலமாரியிலேர்ந்து உனக்கு. எட்டு மாசம் ஸ்டேஷன் படி ஏறினது நீயா, நானா? உங்கம்மா பூவோட காத்துகிட்டு இருக்காங்க. எடுத்துட்டுப் போ." கொஞ்சம் தணிந்து, தொழில்காரராகக் கேட்டார்: "நீ வலது தோளா?"

"ஆமாம்."

"எண்ணெய் காய வெச்சு ஊத்தி, கட்டையை வலது பக்கமா வளைச்சுத் தர்றேன். அரை நாள் வேலை."

சொல்லும்போது அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்தார்.

"வேணாம் மாமா," என்றாள் தேச்சம்மா. "நான் இடது தோள்ல பழகிக்கிறேன்."

மறுநாள் பெள்ளியப்பா தன் தோட்டத்தில் அதைப் பழைய டயரோடு கட்டிவைத்து, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுத்துச் சோதித்தார். இரண்டு குழலும் சுத்தமாக வெடித்தன. பலாமரத்துக் கிளிகள் அன்று முழுவதும் திரும்பவில்லை. ஆனால் எண்பது ஆண்டுகளாக எந்த மனிதத் தோளும் அதைத் தாங்கியதில்லை என்பது அப்படியே இருந்தது.

கைல்போது அன்று தேச்சம்மாவின் அம்மா விடியுமுன்பே எழுந்து வேலியோரம் போய்த் தோக்குப் பூவைப் பறித்து வந்தாள். மலைக்குக் கீழே செங்காந்தள் என்று சொல்வார்களே, அந்தப் பூ. விளக்கின்முன் துப்பாக்கியைச் சாய்த்து, சந்தனம் தடவி, குழல் நுனியில் பூவைச் செருகினாள். செங்கப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"யாரு வீட்டு இரவல்?"

"லென்ஸ் வெச்சுப் பாத்துக்கோங்க," என்றாள் அம்மா. "கிரீடம்." அன்று அவள் மூன்று கடம்புட்டும் இரண்டு கரண்டி பன்றிக் கறியும் சாப்பிட்டாள்.

பிற்பகல் மழை விட்டதும் ஊர் மைதானத்தில் தேங்காய் அடிக்கக் கூடினார்கள். மூன்று வீட்டார் முடித்திருந்தார்கள். செங்கப்பாவின் தோட்டா தேங்காயை விட்டுவிட்டு மரப்பட்டையை உரித்தது. கைதட்டல் தேங்காய் உடைந்ததற்கு விழுவதைவிடப் பலமாக விழுந்தது. அடுத்தது தேச்சம்மாவின் முறை. துப்பாக்கியோடு அவள் முன்னால் நடந்தபோது யாரோ பெயர் சொல்லி அழைத்தார்கள்.

பெள்ளியப்பா. குடகரின் கறுப்பு அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டு, கொஞ்சம் தள்ளிப் புது ரவிக்கையில் சோண்டம்மா. அவர் வேறு ஊர்க்காரர். இந்த மைதானத்துக்கு அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. கடையில் நிற்பதுபோலவே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பழக்கதோஷம் என்று தேச்சம்மா நினைத்தாள். கைகள் முன்னால் வந்தன. அவற்றில் மட்டை உரித்த தேங்காய் ஒன்று இருந்தது.

"எங்க வீட்டு மரத்துக் காய்," என்றார். "எங்க தாத்தா விட்டது ஒண்ணு பாக்கி இருக்கு. இதைக் கட்டச் சொல்றியா, தேச்சு? ஒரே ஒரு தோட்டா. உடைஞ்சாலும் உடையலைன்னாலும் துப்பாக்கி உன்னுது."

அவள் துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. இடது கை பாதி வழி வந்து காற்றில் நின்றது. கண்கள் குழல் நுனியிலேயே இருந்தன.

"முதல்ல அந்தப் பூவை எடுத்துடு."